கெல்லி கோட்டையா, கெல்லிக் கோட்டையா?

பேராக் மாநிலத்துப் பத்து காஜாவிலிருந்து கோப்பெங்குக்குச் செல்லும் சாலையில், ராயா ஆற்றை அடுத்த மேட்டின்மீது, முடிவு பெறாத செங்கல் மாளிகை ஒன்று நிற்கிறது. ஈப்போவிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சரியாக எழுதுவோர் 'கெல்லி' என்பதற்கும் 'எஸ்' என்னும் எழுத்துக்கும் இடையில், தலைக்கு நேரே, ஒரு சிறு கொக்கியைத் தொங்கவிடுவர். அவசரமாக எழுதுவோர் கொக்கியை விடுத்து எஸ் எழுத்தை மட்டும் ஒட்டி வைப்பர். வேறு சிலர் இரண்டையும் விட்டுவிடுவர். தமிழில் எழுதும்போதும் இதே தடுமாற்றம் வேறு உருவில் தோன்றுகிறது. 'கெல்லி கோட்டை' என்று ஒருவர் எழுத, 'கெல்லிக் கோட்டை' என்று மற்றொருவர் ஒற்றிட்டு எழுதுகிறார்.

ஒரு கொக்கி, ஒரு ஒற்று. இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த மாளிகை யாருடையது, எவ்வகையில் உடையது என்னும் செய்தி முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

கோட்டையின் பெயருக்குரியவர் வில்லியம் சுமித். ஸ்காத்லாந்து நாட்டில் மொரே என்னும் வட்டாரத்தில் 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, சார்லஸ் அல்மா பேக்கர் என்பாரின் நில அளவைத் தொழிலில் சேர்ந்தார். பேராக்கில் காடு திருத்திச் சாலை போடும் ஒப்பந்த வேலையில் வந்த பொருளைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் காட்டு நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். தாயாரின் குடும்பப் பெயரான 'கெல்லி' என்பதையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். தோட்டத்துக்கு அவர் இட்ட பெயரோ கிந்தா கெல்லாஸ். கெல்லாஸ் என்பது அவர் பிறந்த மண்ணில் உள்ள ஊர். அங்கே அவர் முதலில் கட்டிய வீடும் கெல்லாஸ் மாளிகை என்றே வழங்கிற்று. 1915இல் மகன் பிறந்தபின் அதை அடுத்துப் பெரியதொரு மாளிகையை எழுப்பத் தொடங்கினார். அதுவே இன்று நிற்பது.

ஆகவே ஒரே மேட்டில் இரண்டு கட்டடங்கள், இரண்டு பெயர்கள். கெல்லாஸ் மாளிகை என்பதில் கெல்லாஸ் ஊர்ப் பெயர். அதன் இறுதியில் உள்ள எஸ் ஊர்ப் பெயரின் உறுப்பேயன்றி உடைமை காட்ட வந்ததன்று. ஆதலின் அங்கே கொக்கிக்கு இடமில்லை. எஸ் எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் அதன்முன் கொக்கியை மாட்டுவோர் 'கெல்லா' என்றொரு மனிதரைப் புதிதாகப் படைத்துவிடுகின்றனர். மற்றொன்றில் கெல்லி ஆளின் பெயர். அங்கே கொக்கி இருந்தே தீரவேண்டும்.

ஏன் இருந்தே தீரவேண்டும் என்பதற்குச் சான்று ஸ்காத்லாந்திலேயே உள்ளது. அந்நாட்டின் பைப் என்னும் வட்டாரத்தில் பழைய கோட்டை ஒன்று இருக்கிறது. அதன் மிகப் பழைய பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். 1970 முதல் ஸ்காத்லாந்தின் தேசிய அறக்கட்டளை அதைக் காத்து வருகிறது. அதன் பெயரும் 'கெல்லி' கோட்டைதான். ஆனால் கொக்கியும் எஸ்ஸும் அதில் இல்லை. அங்கே கெல்லி என்பது இடத்தின் பெயர். பேராக் மாளிகையின் பெயரில் கொக்கியையும் எஸ்ஸையும் விட்டெழுதுகிறவர், வாசகரைப் பத்து காஜாவிலிருந்து கடல் கடந்து பைப் வட்டாரத்துக்கு அனுப்பி வைக்கிறார்.

கொக்கி வந்த வழி

ஆங்கிலேயர் 'அப்பாஸ்டிரபி' என்று வழங்கும் இக்குறிக்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு பெயர் இல்லை. காற்புள்ளியின் வடிவே மேலே ஏறி நிற்பதால் மேற்காற்புள்ளி என்று ஈண்டு வழங்கப்படும். அப்பாஸ்டிரபி என்பது கிரேக்கச் சொல். 'விலக்கிய' அல்லது 'திருப்பிய' என்னும் பொருள் உடையது. விலக்கப்பட்டது ஓர் எழுத்து. எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டுவதே இக்குறியின் முதல் தொழில். பிரெஞ்சு மொழியில் அச்சுக்கலையை வளர்த்த ஜொப்ரவா தோரி 1529இல் இதனைப் பரிந்துரைத்தார். அந்நூற்றாண்டிலேயே இஃது ஆங்கில அச்சிலும் புகுந்தது.

உடைமை காட்டும் தொழில் பின்னர் வந்தது. பழைய ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமை உருபு பல பெயர்களுக்கு 'எஸ்' என்னும் ஓர் அசையாக, உயிரெழுத்தோடு கூடி நின்றது. காலப்போக்கில் அவ்வுயிர் பேச்சில் தேய்ந்து மறைந்தது. மறைந்த உயிரின் இடத்தைக் காட்டவே அச்சாளர் மேற்காற்புள்ளியை இட்டனர். இதை அறியாத 17ஆம் நூற்றாண்டுப் புலவர் சிலர், 'அரசன் அவனுடைய' என்னும் தொடரே சுருங்கி இவ்வுருவம் பெற்றது என்று கதை கட்டினர். 'அரசி'க்கும் அதே உருபு வருவது எப்படி என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். பன்மைப் பெயருக்கு எஸ்ஸின் பின்னே குறியிடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. எனவே, இன்று வகுப்பறையில் மாறாத விதிபோலக் கற்பிக்கப்படும் இது முந்நூறு ஆண்டுகூட நிரம்பாத ஒழுங்காகும்.

அவ்வொழுங்கில் மாணவர் இடறும் இடங்கள் சிலவே. தொழிலாளர் பலர் வாழும் லயத்துக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது, குறி எஸ்ஸுக்குப் பின் நிற்க வேண்டும். எஸ்ஸுக்கு முன் நின்றால் லயம் முழுவதும் ஒரே தொழிலாளிக்குச் சொந்தமாகிவிடும். தாமஸ், ஜேம்ஸ், தாஸ் என எஸ் ஒலியில் முடியும் பெயர்களுக்குக் குறியோடு மற்றோர் எஸ் சேர்ப்பதும், குறியை மட்டும் இடுவதும் ஆகிய இரு வழக்கும் உண்டு. ஒன்றைத் தொடங்கியவர் அதனையே கடைசிவரை பின்பற்றுவது நன்று. 'அதனுடைய' என்று பொருள்படும் சுட்டுப் பெயருக்குக் குறியே கூடாது. குறியிட்டால் அது 'அது இருக்கிறது' என்னும் சுருக்கமாக மாறிவிடும்.

ஊர்ப் பெயர்களிலும் நிறுவனப் பெயர்களிலும்தான் சிக்கல் மிகுதி. ஈப்போ நகரில் 1912இல் லசால் சகோதரர்கள் தொடங்கிய செயின்ட் மைக்கேல் கல்விக்கூடத்தின் ஆங்கிலப் பெயரில் குறி உண்டு. அது புனிதருக்கு உரிமையாக்கப்பட்டது என்பது கருத்து. 1909இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளியின் பெயரில் குறி இல்லை. ஆண்டர்சன் என்னும் ஆளுநரின் நினைவாக அப்பெயர் இடப்பட்டதேயன்றிப் பள்ளி அவருடையதன்று. பழைய ஈப்போவின் பெல்பீல்டு தெரு, ஹியூ லோ தெரு, புரூஸ்டர் சாலை முதலியவையும் இவ்வகையின. ஆண்டவர்களின் பெயரைத் தாங்கினவே தவிர, அவர்கள் எவருக்கும் அத்தெருக்கள் சொந்தமாக இருந்ததில்லை. தைப்பிங்கில் உள்ள மலையின் பெயரில் இரண்டு வழக்கும் இருந்தன. 'மேக்ஸ்வெல்லின் மலை' என்று குறியோடு எழுதப்பட்டு, பிறகு குறியுதிர்ந்து 'மேக்ஸ்வெல் மலை' ஆகி, 1979இல் புக்கிட் லாருட் என்னும் பெயரைப் பெற்றது.

அமெரிக்க நாட்டில் இதற்கென ஒரு கொள்கையே உண்டு. 1890இல் அமைந்த நிலப்பெயர் வாரியம், ஊர், மலை, ஆறு ஆகியவற்றின் பெயரில் உடைமைக் குறியைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பொது நிலம் ஒரு தனி மனிதருக்கு உரியது என்ற எண்ணத்தைப் பெயர் தரக்கூடாது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மிகச் சில பெயர்களுக்கே விலக்கு அளிக்கப்பட்டது. மார்த்தாவின் திராட்சைத் தோட்டம் என்று பொருள்படும் தீவு 1933இல் தன் குறியை மீட்டுக்கொண்டது அவற்றுள் பெயர்போனது.

தமிழின் ஒற்று

தமிழுக்கு இக்குறி தேவைப்படவில்லை. அது, உடைய, இன் என உருபும் சொல்லுருபும் சாரியையும் இருக்கின்றன. அவை மறைந்து நிற்கும் தொகையும் இருக்கிறது. இத்தீபகற்பத்திலேயே அதற்குப் பழஞ்சான்று கிடைத்துள்ளது. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்னும் இடத்தில், பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பெரும்பதன் என்னும் பொற்கொல்லனது உரைகல் என்பது பொருள். கடல் கடந்து வந்த அத்தொழிலாளி தன் உடைமைமீது தன் பெயரை எழுதினான். உருபு எழுதவில்லை, எழுதவேண்டிய கட்டாயமும் இல்லை. இத்தீபகற்பத்தில் நமக்குக் கிடைத்துள்ள பழைய தமிழ் எழுத்துகளுள் ஒன்றான இது, ஓர் ஆறாம் வேற்றுமைத் தொகை.

தொகை என்றால் பொருள் மயங்காதா? மயங்கும். மயக்கத்தைத் தீர்ப்பதற்கே புணர்ச்சி விதி உள்ளது. அங்கேதான் கெல்லியின் சிக்கலும் தீர்கிறது.

ஆறாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகும் என்று பள்ளியில் கற்பிக்கிறோம். கிளி, கூடு என்பன கிளிக்கூடு ஆகின்றன. இதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் 'கெல்லிக் கோட்டை' என்று எழுதுவார். ஆனால் நன்னூலார் உயர்திணைப் பெயர்க்குத் தனி விதி வகுத்தார். உயர்திணைப் பெயரும் பொதுப்பெயரும் மெய்யில் முடிந்தால், வல்லினம் வரும்போது அம்மெய் திரியாது. உயிரிலோ ய, ர என்னும் மெய்களிலோ முடிந்தால், பின்வரும் வல்லினம் மிகாது. உயர்திணையில் சில மட்டும் மாறுபடும். நம்பி கை, பாரதி பாடல், காந்தி தொப்பி என்று எழுதுவது இதனால்தான். ஊர்ப் பெயரோ அஃறிணை. ஆகவே செஞ்சிக் கோட்டை, காஞ்சிப் பட்டு என்று ஒற்று மிகும்.

இதனைப் பேராக்குக்குக் கொண்டுவந்து பார்த்தால், பத்து காஜாவில் நிற்பது கெல்லி கோட்டை. பைப் வட்டாரத்தில் நிற்பது கெல்லிக் கோட்டை. ஆங்கிலத்தில் ஒரு கொக்கியும் எஸ்ஸும் செய்யும் வேலையைத் தமிழில் ஒரு 'க்' செய்துவிடுகிறது. வேலை ஒன்று, வழி மட்டும் நேர்மாறு: ஆங்கிலம் ஆளுக்குக் குறியிட்டு ஊரை வெறுமனே விட, தமிழ் ஊருக்கு ஒற்றிட்டு ஆளை வெறுமனே விடுகிறது. ஆங்கிலக் குறியைக் கண்டு அதற்கு ஈடாக ஓர் ஒற்று வேண்டும் என்று எண்ணி 'கெல்லிக் கோட்டை' என எழுதுவோர், நல்லெண்ணத்தால் பொருளைக் கெடுக்கின்றனர்.

உரைகல்லும் இவ்விதியோடு ஒத்து நிற்பது இனிமையான செய்தி. பொன், குடம் என்பன சேர்ந்தால் பொற்குடம். அஃறிணைப் பெயரின் இறுதி னகரம் றகரமாகத் திரிகிறது. பெரும்பதன் என்பது ஆளின் பெயராதலின் 'பெரும்பதற்கல்' ஆகாமல் பெரும்பதன் கல்லாகவே உள்ளது. பழங்கல்வெட்டுகள் புணர்ச்சியை எங்கும் ஒழுங்காகக் காட்டுவதில்லை என்பதால் இதனை விதிக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. விதிக்கு மாறாக இல்லை என்ற அளவிலே மகிழலாம். ஏட்டுச்சுவடி எழுதினோர் ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விட்டதும், படிப்பவரே ஒற்றை உணர்ந்து படித்ததும் தமிழாசிரியர் அறிந்தனவே.

மகன் உடைமையா?

ஆங்கிலக் குறிக்கு மற்றொரு பழக்கம் உண்டு. வீட்டையும் நாயையும் மகனையும் அது ஒரே கொக்கியில் மாட்டுகிறது. தமிழிலக்கணம் அப்படிச் செய்யவில்லை. உடைமையைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பிரித்தது. சாத்தனது கை என்பது பிரிக்க முடியாத தற்கிழமை. சாத்தனது வீடு என்பது பிறர் கைக்கு மாறக்கூடிய பிறிதின்கிழமை. தொல்காப்பியர் இன்னும் ஒரு படி சென்றார். முறைமையை ஆறாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக வைத்த அவரே, உயர்திணைத் தொகையை விரிக்கும்போது 'அது' என்னும் உருபு கெட்டு அவ்விடத்தில் 'கு' வரும் என்றார். உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு 'நம்பி மகன்' என்பது. அதை 'நம்பியது மகன்' என விரிக்கலாகாது. 'நம்பிக்கு மகன்' என்றே விரிக்க வேண்டும். பொருளை உடைமையாகச் சொல்லும் உருபு, மனிதரைச் சொல்லும்போது விலகிக்கொள்கிறது. பிற்கால வழக்கில் 'என்னுடைய மகன்' என்பது இயல்பாகிவிட்டது. அதை இன்று பிழை என்பார் இல்லை. ஆயினும் பழைய விதியின் நுட்பம் மறக்கத் தக்கதன்று.

மலேசியத் தமிழரின் அடையாள அட்டையைப் பார்த்தால் இந்நுட்பம் விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில், மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'எஸ்/ஓ' என்றும், மகளாயின் 'டி/ஓ' என்றும் எழுதினர். விடுதலைக்குப் பின் மலாய் மொழியில் அனாக் லெலாக்கி, அனாக் பெரும்புவான் என்பவற்றின் சுருக்கமாக 'ஏ/எல்', 'ஏ/பி' என்பன வந்தன. இங்கே சாய்கோடு மேற்காற்புள்ளியின் வேலையைச் செய்கிறது. எழுத்துகள் விடுபட்டன என்று காட்டுகிறது. முறையை மட்டும் சொல்லி உடைமையைச் சொல்லாமையால், இது தொல்காப்பியர் கருத்துக்கு மாறானதன்று.

வரிசைதான் மாறிற்று. புகலூரை அடுத்த ஆறுநாட்டார் மலையில், கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்றில் சேரர் மூன்று தலைமுறை வரிசையாக வருகின்றனர். தந்தை பெயர், 'மகன்', மைந்தன் பெயர், மீண்டும் 'மகன்', பேரன் பெயர் என்பது அமைப்பு. முதலில் பாட்டன், கடைசியில் பேரன். பெயர்களுக்கிடையே எந்த உருபும் இல்லை. தலைப்பெழுத்தை முன்னே இட்டு எழுதும் இன்றைய தமிழ் வழக்கும் அவ்வரிசையே. அட்டையில் அது தலைகீழாகி, மகன் முன்னும் தந்தை பின்னும் நிற்கின்றனர். மேனாட்டு அலுவலகங்களில் கடைசிப் பெயரே குடும்பப் பெயர் என்று கொண்டு, கந்தன் மகன் முருகனைத் 'திருவாளர் கந்தன்' என்று அழைப்பதற்கு இதுவே காரணம்.

உடைமைக் குறியும் இதனால் வேடிக்கையான இடத்தில் போய் அமர்கிறது. முருகனின் வீட்டை அட்டையில் உள்ள முழுப் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதினால், குறி பெயர்த்தொடரின் கடைசியில்தான் வரவேண்டும். கடைசியில் இருப்பதோ தந்தை பெயர். வீடு மகனுடையது, கொக்கி தந்தையின் தோளில். ஆங்கில இலக்கணப்படி அது சரியே. தொடர் முழுவதற்கும் சேர்த்து ஒரு குறி என்பது அம்மொழியின் வழக்கு. ஆனால் பத்திரம் எழுதுவோரும் படிப்போரும் அதை உணராவிட்டால் வீடு கை மாறிப்போகும். 'கந்தன் மகன் முருகனது வீடு' என்னும்போது உருபு உரியவர்மீதே நிற்பதைக் காணலாம்.

பெயருக்குள் மறைந்த பெயர்

மேற்காற்புள்ளியின் பழைய தொழிலான எழுத்து மறைவைக் காட்டுவதற்கும் பேராக்கில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. மலாய் இலக்கண அறிஞர் ஸாபா, கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பின்னர் 1924 முதல் 1939 வரை தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். அவர் வகுத்த ரோமன் எழுத்துமுறை அவர் பெயராலேயே வழங்கிற்று. ஸாபா என்பது புனைபெயர். ரோமன் எழுத்தில் அதை எழுதினால் நடுவே ஒரு மேற்காற்புள்ளி வரும். உடைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஜாவி எழுத்தில் அப்பெயர் நான்கு எழுத்து: ஸைனல் என்பதன் ஸ, ஆபிதீன் என்பதன் முதலில் உள்ள 'ஐன்' என்னும் தொண்டை ஒலி, பின் என்பதன் ப, அகமது என்பதன் அலிப். 'பின்' என்பதற்கு மகன் என்று பொருள். ரோமன் எழுத்தில் 'ஐன்' ஒலிக்கு எழுத்தில்லாமையால் கொக்கி அந்த இடத்தைக் காக்கிறது. அக்கொக்கியைக் கைவிடுகிறவர் அவருடைய பெயரில் ஓர் எழுத்தையே அழித்துவிடுகிறார்.

1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்தைச் சீர்திருத்தியபோது இக்குறி பல சொற்களிலிருந்து நீங்கியது. குடிமக்களைக் குறிக்கும் 'ரக்யாட்', வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் 'ஜுமாஅத்' ஆகிய சொற்கள் அதை இழந்தன. பட்டப் பெயரில் மட்டும் அது பிடிவாதமாக நிற்கிறது. பேராக் சுல்தான் போன்ற மாநில ஆட்சியாளர் வழங்கும் 'டத்தோ' பட்டத்தின் இறுதியில் ரோமன் எழுத்தில் கொக்கி உண்டு. கூட்டரசு வழங்கும் பட்டம் 'கே' எழுத்தில் முடியும். தமிழ் நாளிதழ்கள் இரண்டையும் 'டத்தோ' என்றே எழுதிவிடுவதால் இவ்வேறுபாடு தமிழில் தெரிவதில்லை. 1875இல் பாசிர் சாலாக்கில் பேர்ச் கொல்லப்பட்ட நிகழ்ச்சியோடு இணைத்துப் பேசப்படும் மகாராஜா லேலாவின் பட்டமும் கொக்கியோடு கூடிய டத்தோதான்.

ஸாபாவின் பெயருக்கு இணையான தமிழ்ப் பெயர் ஒன்றும் பேராக்கில் உண்டு. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், வீராசாமி என்பாரின் மகன். இட்ட பெயர் திருஞானசம்பந்தன். 'வீ' தந்தையைச் சுட்டுகிறது. 'தி' அவருடைய பெயரின் முன்பாதியையே சுட்டுகிறது. இரண்டு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரே வகைப் புள்ளி. எது தந்தை, எது தாம் என்று புள்ளி சொல்வதில்லை. தலைப்பெழுத்து இரண்டு இருந்தால் முன்னது பாட்டன், பின்னது தந்தை என்று விரித்துவிடும் அகராதியாளர்கள் இப்பெயரை நினைவிற்கொள்வது நல்லது.

எங்கள் தோட்டம்

ரப்பர் தோட்டத்துப் பேச்சில் 'எங்க தோட்டம்' என்பது நாள்தோறும் கேட்ட தொடர். சொன்னவர் எவரும் அதில் ஒரு மரத்துக்கும் உரிமை உடையவர் அல்லர். மண்ணும் மரமும் கம்பெனியுடையன. லய வீடும் வேலை உள்ளவரைதான். ஆயினும் அத்தொடரைப் பொய் என்று சொல்வார் இல்லை. ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தமிழர் 'கிழமை' என்றனர். பத்திரத்தில் எழுதும் சொந்தத்தைவிட அது அகன்ற சொல். எங்கள் ஊர், எங்கள் ஆறு என்பவற்றில் எவர் பட்டாவைக் கேட்பார்?

ஆனால் பட்டாவும் வேண்டும் என்பதைக் காலம் காட்டிற்று. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். 'எங்க தோட்டம்' என்றவர்கள் வேலையும் வீடும் இழந்து வெளியேறினர். இதைக் கண்ட சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் கட்டினர். சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. ஆங்கில இலக்கணத்தில் பன்மை எஸ்ஸுக்குப் பின்னே இடும் குறி, தோட்டத் தொழிலாளர் என்னும் பெயரின்மீது சட்டப்படியே ஏறியது அப்போதுதான்.

கெல்லிக்கு அவருடைய கோட்டை எவ்வளவு காலம் சொந்தமாக இருந்தது? கட்டுமானத்துக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். செங்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தது. முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய நச்சுக்காய்ச்சல் தோட்டத்தில் பலரைக் கொண்டுபோயிற்று. வேலை தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்தது. 1926இல் ஐரோப்பா சென்ற கெல்லி லிஸ்பன் நகரில் நிமோனியாவால் இறந்தார். மனைவி பேராக்குக்குத் திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் கிராஸ்பீல்டு கம்பெனிக்கு விற்கப்பட்டது. அவர் ஒரு நாளும் குடியிருந்து முடிக்காத மாளிகை இன்றுவரை அவருடையதாகவே வழங்குகிறது. பிறிதின்கிழமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

'கெல்லியால் கட்டப்பட்ட கோட்டை' என்று மூன்றாம் வேற்றுமையில் விரித்தாலும் இலக்கணம் ஒரு கேள்வி கேட்கும். அரசன் கட்டிய கோயில் என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா. தச்சன் கட்டிய கோயில் என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா. கெல்லி ஏவியவர். இயற்றியவர் பெயர்கள் எந்தச் சுவரிலும் இல்லை.

காய்ச்சல் பரவியபோது தொழிலாளர் தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டதாகவும், கெல்லி அதற்கு உதவியதாகவும் தோட்டத்தார் சொல்லி வந்தனர். கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் அக்கோயில் இருக்கிறது. அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்த ஒருவர் நிற்கிறார். அது கெல்லி துரை என்பர். கோட்டை அவர் பெயரில் இருக்கிறது. கோயிலில் அவர் இருக்கிறார், ஆனால் அதன் பெயரில் இல்லை. அது மாரியம்மன் கோயில்தான். தெய்வப் பெயர் உயர்திணையாதலின் னகரமும் திரியவில்லை, ஒற்றும் மிகவில்லை.

அதே தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. மலாய் வழக்குப்படி 'லாடாங்' என்பது முன்னும் கிந்தா கெல்லாஸ் பின்னுமாக அதன் பெயரை எழுதுவர். உடைமைக்குரியதைப் பின்னே வைத்தாலே போதும், குறியொன்றும் வேண்டாம் என்பது அம்மொழியின் மரபு. தமிழில் அது கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஸ்காத்லாந்து ஊரின் எஸ் அங்கே கொக்கியில்லாமல் நிற்கிறது. தோட்டம் என்பதன் மகரம் கெட்டு, தகர ஒற்று மிக்கு நிற்கிறது.